டேட்டாபேஸ் சர்வரில் எந்த இணைப்பு என்க்ரிப்ட் ஆகியிருக்கிறது, எது ஆகவில்லை: போஸ்ட்கிரெஸ் ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சர்வருக்குள் போய் ‘ஷோ எஸ்எஸ்எல்’ என்று தட்டினால் ‘ஆன்’ என்று வருகிறது. ஆடிட் தாளில் டிக் அடித்தாயிற்று, அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று பல டீம்கள் போய்விடுகின்றன. அந்த ‘ஆன்’ சொல்வது ஒன்றே ஒன்றுதான்: யாராவது என்க்ரிப்ஷன் (போகிற டேட்டாவை வழியில் யாரும் படிக்க முடியாதபடி மறைப்பது) கேட்டால் கொடுக்க சர்வர் தயார். யார் கேட்டார்கள், யார் கேட்காமலே உள்ளே வந்து வாடிக்கையாளர் விவரங்களை அப்படியே நெட்வொர்க்கில் இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அதில் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே ஒவ்வொரு படியாக எழுதியிருக்கிறேன். போஸ்ட்கிரெஸ் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பை வைத்துப் பேசுகிறேன். கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், அடிக்கோடு இருக்கும் இடத்தில் அடிக்கோட்டோடு ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் இணைப்பு எப்படித் தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் பாதி விஷயம் புரியாது. போஸ்ட்கிரெஸில் என்க்ரிப்ட் ஆன இணைப்புக்குத் தனி போர்ட் கிடையாது, இரண்டுமே 5432 வழியாகத்தான் வருகின்றன. என்க்ரிப்ஷன் வேண்டும் என்கிற கிளையன்ட், வாயைத் திறந்ததும் 8 பைட்டில் ஒரு சின்னக் கோரிக்கை அனுப்பும்: முதல் 4 பைட் நீளம், அடுத்த 4 பைட்டில் 80877103 என்ற எண். அதை இரண்டாகப் பிரித்தால் 1234, 5679. சர்வர் ஒரே ஓர் எழுத்தில் பதில் சொல்லும். ‘எஸ்’ என்றால் சரி, டிஎல்எஸ் பேசலாம் (இணைப்பை என்க்ரிப்ட் செய்யும் எஸ்எஸ்எல் முறையின் இன்றைய பெயர்தான் டிஎல்எஸ், செட்டிங்குகளில் பழைய பெயரே நிற்கிறது). ‘என்’ என்றால் முடியாது. ‘என்’ வந்த பிறகு என்ன செய்வது என்பதைக் கிளையன்ட்தான் முடிவு செய்கிறது, சர்வருக்கு அதில் பங்கே இல்லை. அந்த முடிவு எஸ்எஸ்எல்மோட் என்ற செட்டிங்கில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸின் சொந்தக் கிளையன்ட் லைப்ரரியான லிப்பிகியூவில் அதற்கு எதுவும் கொடுக்காமல் விட்டால் கிடைப்பது ‘பிரிஃபர்’. கிடைத்தால் டிஎல்எஸ், கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் வெறும் இணைப்பு. எர்ரர் வராது, வார்னிங் வராது, அப்ளிகேஷன் ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். கண்காணிப்பு வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

படி 1: பார்ப்பதற்கு ஒரு தனி ரோல்

கண்காணிப்புக்கு சூப்பர்யூசரைப் பயன்படுத்தாதீர்கள். புதிதாக ஒரு லாகின் ரோல் உருவாக்கி, அதற்கு பிஜி_மானிட்டர் என்ற ரோலை கிராண்ட் செய்தால் போதும், அது 10-ஆம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், போதிய உரிமை இல்லாத யூசர் பார்க்கும்போது மற்றவர்களின் இணைப்பு விவரங்கள் ‘நல்’ (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் எஸ்கியூஎல் சொல்) என்று வரும், அல்லது வரிசையே வராது. நீங்கள் ‘வேர் நாட் எஸ்எஸ்எல்’ என்று வடிகட்டியிருந்தால் நல் வரிசைகள் அத்தனையும் கீழே விழுந்துவிடும், முடிவில் 0 வரும், டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். பூட்டே இல்லாத வீட்டுக்குப் பூட்டு பத்திரம் என்று சொன்ன மாதிரிதான். அதனால் வடிகட்டும்போது ‘எஸ்எஸ்எல் இஸ் நாட் ட்ரூ’ என்று எழுதுங்கள். ஃபால்ஸும் சிக்கும், நல்லும் சிக்கும்.

படி 2: இப்போது யார் யார் உள்ளே இருக்கிறார்கள்

இதற்கு இரண்டு வியூ (டேபிள் மாதிரியே குவரி செய்து பார்க்கும் பட்டியல்) போதும். பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் என்பது 9.5 பதிப்பில் வந்தது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரிசை: பிஐடி (அந்த இணைப்பைக் கையாளும் புரோசஸின் எண்), எஸ்எஸ்எல் உண்டா இல்லையா, டிஎல்எஸ் வெர்ஷன், சைஃபர் (என்க்ரிப்ட் செய்யும் அல்காரிதம்), பிட்ஸ், கிளையன்ட் சான்றிதழ் கொடுத்திருந்தால் அதன் விவரம். ஆனால் யார், எங்கிருந்து என்பது அதில் இருக்காது. அது பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் இருக்கிறது. இரண்டையும் பிஐடி வைத்து ஜாயின் செய்து, யூஸ்நேம், கிளையன்ட்_அட்ரஸ் (நிஜப் பெயர் கிளையன்ட்_ஆடர், ஆங்கில ‘அட்ரஸ்’ சொல்லின் கடைசி இ, எஸ், எஸ் எழுத்துகள் இல்லாமல்), அப்ளிகேஷன்_நேம், எஸ்எஸ்எல், வெர்ஷன், சைஃபர் இந்த ஆறையும் வைத்து குரூப் பை போட்டு எண்ணிக்கை எடுங்கள். தனித்தனி வரிசையாகப் பார்த்தால் கண் சோர்ந்துவிடும். குரூப் செய்தால் ‘ரிப்போர்ட் யூசர், இந்த ஐபி, எஸ்எஸ்எல் இல்லை, 14 இணைப்பு’ என்று ஒரே வரியில் பிரச்சினை வந்து நிற்கும்.

இந்தப் பட்டியலைப் படிப்பதில் சில நெளிவு சுளிவுகள் உண்டு.

கிளையன்ட்_ஆடர் நல் என்றால், அது யூனிக்ஸ் சாக்கெட் வழியாக அதே மெஷினில் இருந்து வந்த இணைப்பு, அல்லது சர்வரின் சொந்த உள் புரோசஸ். அங்கே டிஎல்எஸ் இருக்காது, தேவையும் இல்லை. 127.0.0.1 என்றிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். உண்மையிலேயே அதே மெஷினில் ஓடும் புரோகிராமாக இருக்கலாம், அல்லது யாரோ எஸ்எஸ்ஹெச் டனல் போட்டு வெளியிலிருந்து வந்திருக்கலாம். டனல் என்றால் வழியில் என்க்ரிப்ஷன் இருக்கிறது, ஆனால் போஸ்ட்கிரெஸ் கண்ணுக்கு அது வெறும் லோக்கல் இணைப்புதான். கெர்பெரோஸ் (நிறுவனம் முழுதுக்குமான லாகின் முறை) வைத்திருக்கும் இடங்களில் அதோடு சேர்ந்து வரும் ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்க்ரிப்ஷன் இருக்கக்கூடும், அதை பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல் காட்டாது. பிஜி_ஸ்டாட்_ஜிஎஸ்எஸ்ஏபிஐ என்ற இன்னொரு வியூவில் ‘என்க்ரிப்டட்’ என்ற நெடுவரிசையைப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ரெப்ளிகேஷன், அதாவது மாற்றங்களை ஸ்டாண்ட்பை என்ற நகல் சர்வருக்கு அனுப்புவது. இதைத்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள். ஜாயின் எழுதும்போது வசதிக்காக பேக்எண்ட்_டைப் ‘கிளையன்ட் பேக்எண்ட்’ மட்டும் என்று வடிகட்டிவிடுவார்கள், உடனே வால்சென்டர் (ரெப்ளிகேஷன் மாற்றங்களை அனுப்பும் புரோசஸ்) எல்லாம் பட்டியலிலிருந்து காணாமல் போய்விடும். உங்கள் டேட்டாபேஸில் எழுதப்படும் ஒவ்வொரு மாற்றமும் அந்த இணைப்பு வழியாகத்தான் ஸ்டாண்ட்பைக்குப் போகிறது! மற்ற எந்த இணைப்பை விட்டாலும் இதை விடக்கூடாது. பிஜி_பேஸ்பேக்கப் கருவியை ஆர் ஆப்ஷனோடு ஓட்டினால் பிரைமரி_கான்இன்ஃபோ (ஸ்டாண்ட்பை மூல சர்வரோடு இணையும் விவரம்) தானாக எழுதப்படும், நீங்கள் வேறு எதுவும் கொடுக்காவிட்டால் அதிலும் எஸ்எஸ்எல்மோட் ‘பிரிஃபர்’ என்றுதான் இருக்கும். ஸ்டாண்ட்பை மெஷினில் போய் அந்த வரியைத் திறந்து பாருங்கள். லாஜிக்கல் ரெப்ளிகேஷன் இருந்தால் சப்ஸ்கிரிப்ஷனின் கனெக்ஷன் ஸ்ட்ரிங், போஸ்ட்கிரெஸ்_எஃப்டிடபிள்யூ (வேறு போஸ்ட்கிரெஸ் சர்வரின் டேபிள்களை இங்கிருந்தே பார்க்கும் வசதி) இருந்தால் ஃபாரின் சர்வரின் ஆப்ஷன்கள், இவற்றையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: வெர்ஷனும் சைஃபரும்

எஸ்எஸ்எல் நெடுவரிசையில் ட்ரூ வந்தால் மட்டும் போதாது, வெர்ஷன் என்ன என்று பாருங்கள். டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டையும் 2021 மார்ச்சில் ஆர்எஃப்சி 8996 என்ற இணையத் தர ஆவணம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. போஸ்ட்கிரெஸில் எஸ்எஸ்எல்_மின்_புரோட்டோகால்_வெர்ஷன் என்ற செட்டிங் 12-இல் வந்தது. அந்தப் பதிப்பில் அதன் டிஃபால்ட் 1.0, 13-இலிருந்து 1.2. அதனால் 12-இல் ஓடும் சர்வரிலும், பழைய கான்ஃபிக் ஃபைலை அப்படியே தூக்கிக்கொண்டு அப்கிரேட் ஆன சர்வரிலும் பழைய வெர்ஷன்கள் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் அது பெரும்பாலும் யாரும் தொடாத பழைய ஜாவா அப்ளிகேஷனாகவோ, பழைய லினக்ஸ் மெஷினாகவோ இருக்கும். உடனே மினிமத்தை ஏற்றிவிடாதீர்கள், முதலில் அது யாருடையது என்று கண்டுபிடியுங்கள். சைஃபரைப் பொறுத்தவரை 1.3 இணைப்புகளில் கவலைப்பட ஒன்றும் இல்லை. 1.2 இணைப்புகளில் ஜிசிஎம் அல்லது சாச்சா20 இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

படி 4: லாக்

இதுவரை பார்த்தது அந்தக் கணத்தின் நிலை மட்டும்தான். காலை 11 மணிக்கு நீங்கள் பார்க்கும்போது, இரவு 2 மணிக்கு ஓடி 40 வினாடியில் முடிந்துபோகும் பிஜி_டம்ப் (பேக்கப் எடுக்கும் கருவி) ஜாப் அதில் இருக்காது. மொத்த டேட்டாபேஸையும் அள்ளிக்கொண்டு போகும் ஜாப் அதுதான். நிமிடத்துக்கு ஒரு முறை குவரி ஓட்டினாலும் இரண்டு நிமிடத்துக்கு நடுவில் வந்துபோகும் இணைப்புகள் தப்பிவிடும். லாக் மட்டும்தான் எதையும் விடாது.

லாக்_கனெக்ஷன்ஸை ஆன் செய்து ரீலோட் கொடுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம், புதிதாக வரும் இணைப்புகளிலிருந்து பதிவாகத் தொடங்கும். 18-ஆம் பதிப்பில் இந்த செட்டிங் ஒரு பட்டியலாக மாறிவிட்டது, எந்தெந்தக் கட்டத்தைப் பதிய வேண்டும் என்று சொல்லலாம். நமக்கு வேண்டியது ‘ஆதரைசேஷன்’ கட்டம். பழைய ‘ஆன்’ என்ற மதிப்பையும் அது ஏற்றுக்கொள்ளும். இப்போது ஒவ்வொரு இணைப்புக்கும் ‘கனெக்ஷன் ஆதரைஸ்டு’ என்று ஒரு வரி விழும். டிஎல்எஸ் இருந்தால் அந்த வரியிலேயே ‘எஸ்எஸ்எல் எனேபிள்டு’ என்று தொடங்கி, அடைப்புக்குறிக்குள் புரோட்டோகால், சைஃபர், பிட்ஸ் எல்லாம் வரும். இல்லாவிட்டால் அந்தத் துண்டே இருக்காது. ஆக, ‘கனெக்ஷன் ஆதரைஸ்டு’ இருந்து ‘எஸ்எஸ்எல் எனேபிள்டு’ இல்லாத வரிகளை கிரெப்பில் எடுத்தால் அதுதான் உங்கள் குற்றப்பட்டியல். ரெப்ளிகேஷனுக்கு ‘ரெப்ளிகேஷன் கனெக்ஷன் ஆதரைஸ்டு’ என்று வரும் என்பதால், வரியின் தொடக்கத்தோடு ஒட்டித் தேடாமல் வரிக்குள் எங்கிருந்தாலும் சிக்கும்படி தேடுங்கள்.

இங்கே ஒரு சின்னத் தொல்லை உண்டு. அந்த வரியில் யூசர், டேட்டாபேஸ் பெயரெல்லாம் இருக்கும், ஐபி இருக்காது. ஐபி அதற்கு முந்தைய ‘கனெக்ஷன் ரிசீவ்டு’ வரியில் இருக்கும். பிஐடி வைத்து இரண்டு வரியையும் கோர்த்துக்கொண்டிருக்காமல், லாக்_லைன்_பிரிஃபிக்ஸில் சதவீதக் குறியோடு ஹெச் எழுத்தைச் சேர்த்துவிடுங்கள், எல்லா வரியிலும் ஐபி வந்துவிடும். பூலர் (திறந்த இணைப்புகளைக் கையில் வைத்துப் பகிர்ந்து கொடுக்கும் புரோகிராம்) இல்லாமல் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டுக்கும் புது இணைப்பு திறக்கும் அப்ளிகேஷன் இருந்தால் லாக் மளமளவென்று ஊதும், டிஸ்க் இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தது ஒரு மாதமாவது இதை ஓடவிடுங்கள் என்பேன், ஏனென்றால் மாதக் கடைசியில் மட்டும் எழுந்து வரும் ரிப்போர்ட் ஜாப்கள் எல்லா இடத்திலும் உண்டு.

படி 5: நடுவில் பிஜிபவுன்சர் இருந்தால்

பிஜிபவுன்சர் மாதிரி ஒரு பூலர் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பாதி உண்மைதான். போஸ்ட்கிரெஸ் பார்ப்பது பூலரை மட்டும், பூலருக்குப் பின்னால் நிற்கும் அப்ளிகேஷனை அது பார்ப்பதே இல்லை. பிஜிபவுன்சர் அதே மெஷினில் இருந்து யூனிக்ஸ் சாக்கெட் வழியாகப் பேசினால் உங்கள் குவரியில் எல்லாமே லோக்கல் என்று வரும், ஆனால் அப்ளிகேஷன் சர்வரிலிருந்து 6432 போர்ட் வரை முழுவதும் வெறும் டெக்ஸ்டாக ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பிஜிபவுன்சரின் அட்மின் கன்சோலுக்குள் போய் ஷோ கிளையன்ட்ஸ், ஷோ சர்வர்ஸ் இரண்டையும் ஓட்டுங்கள். இரண்டிலும் டிஎல்எஸ் என்ற நெடுவரிசை இருக்கிறது. காலியாக இருந்தால் அந்த இணைப்பில் டிஎல்எஸ் இல்லை. செட்டிங்கும் இரண்டுதான்: அப்ளிகேஷன் பக்கத்துக்கு கிளையன்ட்_டிஎல்எஸ்_எஸ்எஸ்எல்மோட், டேட்டாபேஸ் பக்கத்துக்கு சர்வர்_டிஎல்எஸ்_எஸ்எஸ்எல்மோட். ஒன்றைப் போட்டு மற்றொன்றை மறந்துவிட்ட கான்ஃபிக் ஃபைல்கள் ஏராளம்.

படி 6: சந்தேகம் இருந்தால் நெட்வொர்க்கிலேயே பார்த்துவிடுங்கள்

வியூவும் லாக்கும் சொல்வதை ஒரு முறையாவது கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது. சர்வரில், நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பை 5432 போர்ட்டில், பாக்கெட்டின் உள்ளடக்கத்தை எழுத்தாகக் காட்டச் சொல்லி ஓட்டிவிட்டு, இன்னொரு மெஷினிலிருந்து பிஎஸ்கியூஎல்லில் எஸ்எஸ்எல்மோட் ‘டிஸேபிள்’ கொடுத்து உள்ளே வந்து ஒரு செலக்ட் போடுங்கள். குவரி முழுதாகத் திரையில் தெரியும், பதிலாக வந்த வரிசைகளும் தெரியும். அதையே ‘ரிக்வயர்’ கொடுத்துச் செய்தால், அந்த 8 பைட், அதற்குப் பதிலாக ஒற்றை ‘எஸ்’, அதன் பின் ஹேண்ட்ஷேக்கில் சர்வர் பெயர் மாதிரி ஓரிரண்டு துண்டுகள் தெரியலாம், உங்கள் குவரி மட்டும் எங்கும் தெரியாது. 17-ஆம் பதிப்பில் எஸ்எஸ்எல்நெகோஷியேஷனை ‘டைரக்ட்’ என்று வைத்திருந்தால் அந்த 8 பைட்டும் இருக்காது, நேராக டிஎல்எஸ் ஹேண்ட்ஷேக்தான். இன்டர்னல் நெட்வொர்க்தானே, இங்கே எதற்கு டிஎல்எஸ் என்று கேட்கும் டெவலப்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைக் காட்டினால் பேச்சே தேவைப்படாது. டெஸ்ட் சர்வரில், டெஸ்ட் டேட்டாவோடு மட்டும் செய்யுங்கள், பிடித்த ஃபைலை அன்றே அழித்துவிடுங்கள்.

படி 7: சர்வருக்குத் தெரியவே தெரியாத ஒன்று

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். எஸ்எஸ்எல் ட்ரூ, டிஎல்எஸ் 1.3, நல்ல சைஃபர், எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிளையன்ட் உங்கள் சர்வரின் சான்றிதழை (இது உண்மையான சர்வர்தான் என்று காட்டும் ஃபைல்) சரிபார்த்ததா? சர்வர் பக்கத்தில் எந்த வியூவிலும் எந்த லாகிலும் இதற்குப் பதில் கிடையாது. ‘ரிக்வயர்’ என்று வைத்திருக்கும் கிளையன்ட், ரூட் சான்றிதழ் ஃபைல் எதுவும் கையில் இல்லாவிட்டால், எதிரில் யார் எந்தச் சான்றிதழை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளும். நடுவில் ஒருவர் உட்கார்ந்து அவருடைய சான்றிதழைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். ‘வெரிஃபை-சிஏ’ சான்றிதழைக் கொடுத்தது யார் என்று பார்க்கும், ‘வெரிஃபை-ஃபுல்’ ஹோஸ்ட் பெயரையும் சேர்த்துப் பார்க்கும். கடைசியில் சொன்னதுதான் வேண்டும்.

கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, கனெக்ஷன் ஸ்ட்ரிங்குகளைத் தேடிப் படிப்பது. அப்போது டிரைவர்களின் டிஃபால்ட் ஒரே மாதிரி இருக்காது என்பதை நினைவில் வையுங்கள். பைத்தானின் சைகோபிஜி, லிப்பிகியூ மேல் நிற்பதால் ‘பிரிஃபர்’. நோட்ஜேஎஸ்ஸின் பிஜி பேக்கேஜில் நீங்களாகக் கேட்காவிட்டால் டிஎல்எஸ் கிடையாது. கோ மொழியின் லிப்/பிகியூவுக்கு டிஃபால்ட்டே ‘ரிக்வயர்’. இன்னொன்று, நேரடிச் சோதனை: ஸ்டேஜிங்கில் ஒரு போஸ்ட்கிரெஸுக்குத் தனக்குத் தானே கையெழுத்திட்ட சான்றிதழைப் போட்டு, அப்ளிகேஷனை அங்கே திருப்பிவிடுங்கள். அது எர்ரர் அடித்து நின்றால் நிம்மதி. எதுவும் நடக்காத மாதிரி வேலை செய்தால் அந்த அப்ளிகேஷன் சரிபார்க்கவில்லை.

படி 8: சான்றிதழ் காலாவதி

சான்றிதழ் காலாவதியான கணத்தில் எதுவும் உடையாது, ஆபத்தே அதுதான். சரிபார்ப்பு ஹேண்ட்ஷேக்கின்போது மட்டுமே நடக்கிறது. பூலில் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புகள் பாட்டுக்கு ஓடும். இரண்டு நாள் கழித்து யாராவது அப்ளிகேஷனை டெப்ளாய் செய்வார்கள், அப்போது ஒரு இணைப்புகூடத் திறக்காது, எல்லோரும் புதிய கோடில்தான் தவறு என்று அதைத் துருவிக்கொண்டிருப்பார்கள்.

அதனால் டிஸ்கில் இருக்கும் ஃபைலைப் பார்க்காதீர்கள், சர்வர் உண்மையில் நீட்டும் சான்றிதழைப் பாருங்கள். ஓபன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட் கட்டளைக்கு ஸ்டார்ட்டிஎல்எஸ் ஆப்ஷனில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்று கொடுக்கலாம், 1.1.1 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. அதன் அவுட்புட்டை எக்ஸ்509 கட்டளைக்குள் விட்டு, செக்எண்ட் ஆப்ஷனில் 2592000 கொடுத்தால், 30 நாளுக்குள் காலாவதி ஆகுமா என்று சொல்லிவிடும். இதை க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டும் வசதி) தினமும் ஒரு முறை ஓட்டுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சேவையின் சான்றிதழை நம்பியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காலாவதி பற்றி அவர்கள் மெயில் அனுப்புவதை 2025 ஜூனில் நிறுத்திவிட்டார்கள்.

ஃபைலும் சர்வரும் ஏன் வேறுபடும்? புதிய சான்றிதழை வைத்துவிட்டு ரீலோட் கொடுக்க மறந்திருக்கலாம். ரீலோட் கொடுத்தும் கீ ஃபைலின் பெர்மிஷன் சரியில்லாமல் போயிருக்கலாம் (போஸ்ட்கிரெஸ் யூசருக்குச் சொந்தமென்றால் 0600, ரூட்டுக்குச் சொந்தமென்றால் 0640 வரை). அப்படி ஆனால் சர்வர் நிற்காது, பழைய சான்றிதழோடே தொடரும், லாகில் ‘எஸ்எஸ்எல் கான்ஃபிகரேஷன் வாஸ் நாட் ரீலோடட்’ என்று ஒரு வரி மட்டும் போடும். அந்த வரிக்கும் ஒரு அலர்ட் வையுங்கள்.

படி 9: அலர்ட்

புரோமிதியஸ், ஜாபிக்ஸ், க்ரானில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், எது கையில் இருக்கிறதோ அது போதும். லோக்கல் அல்லாத முகவரியிலிருந்து என்க்ரிப்ட் ஆகாத இணைப்பு ஒன்று இருந்தாலும் அலர்ட், டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே ஒன்று இருந்தாலும் அலர்ட், சான்றிதழுக்கு 30 நாளுக்குள் என்றால் அலர்ட். விதிவிலக்குக் கொடுக்க வேண்டியிருந்தால் குவரிக்குள் ஐபியை ஒளித்து எழுதாமல், ஒரு சின்ன டேபிளில் ஐபி, காரணம், கடைசித் தேதி மூன்றையும் போட்டு, தேதி தாண்டினால் தானாக மீண்டும் அலர்ட் வரும்படி செய்யுங்கள். தேதி இல்லாத விதிவிலக்கு நிரந்தரமாகிவிடும். இன்னொன்று, கண்காணிக்கும் புரோகிராமே டிசிபி வழியாக, வெரிஃபை-ஃபுல்லோடு இணையட்டும். அதன் சொந்த வரிசை எப்போதும் பட்டியலில் இருக்கும், மொத்த எண்ணிக்கை 0 என்று வந்தால் கண்காணிப்பே செத்துவிட்டது என்று அர்த்தம்.

படி 10: கதவை மூடுவது

லாகில் ஒரு மாதம் சுத்தமாக இருந்த பிறகுதான் இது. யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் பிஜி_ஹெச்பிஏ.கான்ஃப் ஃபைலில் ‘ஹோஸ்ட்’ என்று தொடங்கும் வரி டிஎல்எஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்கும். அதை ‘ஹோஸ்ட்எஸ்எஸ்எல்’ என்று மாற்ற வேண்டும். மேலிருந்து கீழாக முதலில் பொருந்தும் வரிதான் செல்லும், அதனால் எங்கோ மேலே ஒரு பழைய ‘ஹோஸ்ட்’ வரி இருந்தால் நீங்கள் கீழே எழுதியதெல்லாம் வீண். எல்லாவற்றுக்கும் மேலே எல்லா முகவரிக்கும் ‘ஹோஸ்ட்நோஎஸ்எஸ்எல்’ என்று எழுதி ‘ரிஜெக்ட்’ கொடுப்பது பாதுகாப்பானது. 127.0.0.1 தேவைப்பட்டால் அதற்கான வரியை அதற்கும் மேலே வையுங்கள். கெர்பெரோஸ் என்க்ரிப்ஷன் உள்ள இடமென்றால் அதற்கான ‘ஹோஸ்ட்ஜிஎஸ்எஸ்என்க்’ வரியும் அதேபோல மேலே இருக்கட்டும், ஏனென்றால் அந்த இணைப்பிலும் எஸ்எஸ்எல் இல்லைதானே. ரீலோடுக்கு முன் பிஜி_ஹெச்பிஏ_ஃபைல்_ரூல்ஸ் வியூவைப் பாருங்கள், ஃபைலில் தட்டெழுத்துப் பிழை இருந்தால் எர்ரர் நெடுவரிசையில் காட்டிவிடும். அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில் இந்த ஃபைலைத் தொட முடியாது, அங்கே ஆர்டிஎஸ்.ஃபோர்ஸ்_எஸ்எஸ்எல் பாராமீட்டர், 15-ஆம் பதிப்பிலிருந்து டிஃபால்ட்டே 1.

ரீலோட் ஆனதும் புதிய இணைப்புகளுக்கு மட்டுமே இந்த விதி. ஏற்கெனவே உள்ளே இருக்கும் என்க்ரிப்ட் ஆகாத இணைப்புகள் வெளியே போகாது, பூலரின் இணைப்பு என்றால் நாள் கணக்கில்கூட இருக்கும். படி 2-இன் குவரியை மீண்டும் ஓட்டி, மிச்சமிருக்கும் பிஐடிகளை எடுத்து, டிராஃபிக் குறைவான நேரமாகப் பார்த்து பிஜி_டெர்மினேட்_பேக்எண்ட் கொடுத்து வெளியேற்றுங்கள். அதற்கு பிஜி_மானிட்டர் உரிமை போதாது, பிஜி_சிக்னல்_பேக்எண்ட் வேண்டும். அடுத்த சில நாட்களுக்கு லாகில் நிராகரிக்கப்பட்ட இணைப்புகளின் வரிகளை எண்ணிக்கொண்டே இருங்கள். மாதம் முழுக்கத் தலைகாட்டாமல் இருந்த ஏதோ ஒரு காலாண்டு ஜாப் அங்கேதான் வந்து கதவைத் தட்டும். அதன் ஐபியும் யூசர் பெயரும் அந்த எர்ரர் வரியிலேயே இருக்கும், ஓனரைப் பிடித்து எஸ்எஸ்எல்மோடை மாற்றச் சொல்லுங்கள், விதியைத் தளர்த்தாதீர்கள்.